டவுன் பஸ் எல்லா ஊரிலும் நிற்கும்

இரண்டு வருஷத்துக்கு முந்தின பங்குனி மாதம். கோவில்பட்டியில், எங்கள் வீட்டில் நடந்தது.

பஜாரை ஒட்டின தெருவில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஃபேன், ஏர்கூலர், மோட்டார், ஒயர் எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காட்டில் கரிசல் மண் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்தப் பங்குனி, சித்திரைதான் எனக்கு அறுவடை. அந்த ரெண்டு மாதம் ஓடியாடினால்தான் மீதி வருஷம் மூச்சு விட முடியும். அப்படி ஒரு காலை, கூலர் ஏற்றி வந்த லாரி கடை வாசலில் நிற்கும்போது வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"பாப்பா முதுகு பூரா கொப்புளமா இருக்குங்க. அம்மை மாதிரி தெரியுது. சின்னவனுக்கும் காதுக்குப் பின்னால ரெண்டு இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

"லாரி நிக்கு. இறக்கிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டேன். இறக்கி முடித்துப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அதுதான் அன்றைய என் வேகம். எல்லாவற்றுக்கும் ஓடுவேன், வீட்டுக்கு மட்டும் கடைசியில்தான் போவேன்.

மகளுக்கு அப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. மகனுக்கு மூன்று. மனைவி மூன்றாவது பிள்ளையை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். டாக்டர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, நேரே அவளிடம் திரும்பினார். சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு இவளுக்கு வந்தால் ஆபத்து, ஏற்கெனவே தொற்றியிருக்கிறதா என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் இந்த நிமிஷத்திலிருந்து பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது என்றார்.

ஆகவே அவள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே இடைசெவலில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். மாமியார் மகளைப் பார்ப்பதா, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதா? ரெண்டு பக்கமும் போய்வந்தால் நோயையும் கூடவே கொண்டுபோய்விடுவார். என் அம்மா சென்னையில் அண்ணன் வீட்டில், மூட்டு ஆபரேஷன் முடிந்து படுக்கையில். மிச்சம் இருந்தது, சின்ன வயதிலேயே அம்மை போட்டு முடித்த நான் மட்டும்தான்.

ஆட்டோவில் ஏறும்போது அவள் பிள்ளைகளைத் தொடவில்லை. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் என் தோளில் கிடந்து கத்தினான். அன்று சாயங்காலம் போனில் வரிசையாகச் சொன்னாள்.

"பாப்பா மெதுவாத்தான் சாப்பிடுவா, விரட்டாதீங்க. சின்னவன் தூங்கும்போது பக்கத்துல இருக்கவங்க காதைப் பிடிச்சுக்கிடுவான். தட்டி விட்டுராதீங்க."

"காதையா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவன் என் பக்கத்தில் தூங்கியதே இல்லை. நான் வீடு திரும்பும்போது தூங்கியிருப்பான்.

வாசலில் வேப்பங்குழை செருகினேன். அம்மை போட்ட வீடு என்றால் யாரும் வர மாட்டார்கள், நாமும் எங்கேயும் போகக் கூடாது. எதிர்வீட்டு அக்கா மட்டும் இளநீரும் நுங்கும் வாங்கி கேட்டில் தொங்கவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவர் காரை எங்கள் கேட்டை மறைத்து நிறுத்துகிறார் என்று ஒருநாள் நான் சத்தம் போட்டதில் நின்றுபோனது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

கடையை போனிலேயே நடத்திவிடலாம் என்று நினைத்தேன். சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, என்னோடு கடையில் இருக்கிறான், விவரமானவன். இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. பல் தேய்க்கும்போது ஒரு போன். கஞ்சி காய்ச்சும்போது ஒரு போன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மகனுக்குக் கஞ்சி ஊட்டுவேன், கரண்டி மூக்கில் போய் இடிக்கும். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது என்பார்கள், தாளிக்காத சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை. முன்ரூமிலிருந்து கேட், கேட்டிலிருந்து முன்ரூம். கூண்டில் அடைத்த மாதிரி நடப்பேன். தெருவில் கூலர் ஏற்றிக்கொண்டு ஏதாவது வண்டி போனால், அது நம் கடைச் சரக்கா, அடுத்த கடைச் சரக்கா என்று எட்டிப் பார்ப்பேன். கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஊருக்கெல்லாம் காற்று விற்கிறவன், ரெண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருப்பேன்.

பெரிய பாடு அரிப்புதான். சொறிந்தால் கொப்புளம் உடைந்து தழும்பாகிவிடும். அரிக்கிற இடத்தில் வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொடுக்க வேண்டும். அதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வேகமாகத் தடவினால் காம்பு குத்தும், கொப்புளம் எரியும். இலை பட்டும் படாமலும் இறகு போல ஊர்ந்து போக வேண்டும். என் கைக்கு அது வரவே இல்லை.

"மெல்லமாப்பா" என்பாள் மகள்.

"மெல்லமாத்தான தடவுதேன்."

"இல்ல, நீ பெருக்குற மாதிரி தடவுத."

கொஞ்ச நேரம் மெதுவாகப் போகும். மனசு கடைக்குப் போனதும் கை தன்னால் வேகமெடுக்கும். உடனே கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள், "ப்பா, போனை நினைக்காத." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகைக் கொண்டு ஒரு ஆளின் மனசைப் படிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். எட்டயபுரம் ரோட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்காரர் கடைக்கு வந்திருப்பதாகத் தம்பி போன் செய்தான். மண்டபம் முழுக்க ஃபேன், லைட்டு. நான் ரொம்ப நாளாக நடையாய் நடந்த ஆர்டர்.

"அண்ணே, அவரு உங்ககிட்டதான் பேசுவேங்காரு. ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போக முடியாதா? மாஸ்க்கப் போட்டுக்கிட்டு வெளியவே நின்னு பேசிருங்க. எனக்கு ரேட்டு முடிவா சொல்லத் தெரியாதுல்லா."

பிள்ளைகள் ரெண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மகனுக்குக் காலையிலிருந்து காய்ச்சல் இருந்தது. மருந்து கொடுத்திருந்தேன், கொஞ்சம் இறங்கின மாதிரிதான் தெரிந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் வாசலில் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சட்டையை மாற்றினேன். பைக் சாவியை எடுத்தேன். சத்தம் வராமல் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன்.

"ப்பா... முதுகு" என்றாள் மகள்.

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். இவள் இன்னும் தூங்கவில்லையா! ரெண்டு தடவு தடவித் தூங்கவைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து தடவினேன்.

"மெல்லமா."

"சரி."

"இன்னும் மெல்லமா."

சண்டை போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை மெதுவாக்கினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவள் முதுகைப் பார்ப்பேன். அப்படியே கொஞ்ச நேரம் போனது. அவளுடைய மூச்சு நிதானமானது. இனி எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, அந்தப் பக்கம் படுத்திருந்த மகனின் கால் என் முட்டியில் இடித்தது. உதைக்கிறான் என்று நினைத்தேன். மறுபடியும் இடித்தது. திரும்பிப் பார்த்தால், கண் மேலே செருகியிருக்கிறது. பல் கிட்டிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. உடம்பு தீயாகச் சுடுகிறது.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டது மட்டும் ஞாபகம் வந்து, கையிலிருந்த பைக் சாவியை அவனுடைய சின்ன விரல்களுக்குள் திணித்தேன். அவனை வாரி எடுத்துக்கொண்டு தெருவில் வந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மகளும் விழித்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் கைலியோடு வெளியே வந்தார். காலில் செருப்பு இல்லை. அவர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டு. அம்மை வீடு என்று பார்க்கவில்லை, பேசாமல் இருந்ததையும் பார்க்கவில்லை.

"வண்டிய எடுக்கேன். பிள்ளைய ஒருக்களிச்சாப்புல பிடிச்சுக்கிட்டு ஏறும். ஏட்டி பாப்பா, நீயும் ஏறு. பயப்படாதேயும் தம்பி, எங்க வீட்டுப் பையனுக்கும் சின்னதுல வந்திருக்கு. ஒண்ணும் ஆவாது."

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. பிள்ளை துவண்டு கிடந்தான், பிறகு அழுதான். பிள்ளையின் அழுகையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அவன் பிறந்த நாளிலும் அன்றைக்கும்தான். டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சல் சட்டென்று ஏறினால் இந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் அந்த நேரம் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் வாயில் வருவது மூச்சுக்குழாயில் போய்விடும் என்றார். மகன் கையிலிருந்த சாவியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கொடுக்காதீங்க, கையைக் கிழிச்சுரும்" என்று எடுத்து என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. எந்தக் காரியத்துக்காக எடுத்த சாவி என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். மனைவியிடம் மறைக்கவில்லை. போனில் சொன்னேன். முதலில் சின்னவனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவன் குரலைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா."

"அப்பச் சரி. இல்லன்னா நான் இங்கன இருந்துக்கிட்டுச் செத்துருப்பேன்."

மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இத்தோடு நான் திருந்தி, அமைதியாகி உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். பயம் வந்த பிறகு பதற்றம் ஒன்றுக்கு ரெண்டானது. கடையை நினைத்து நடந்தவன், இப்போது பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தெர்மாமீட்டரை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, மகன் அதைப் பார்த்தாலே வாயை இறுக்க மூடிக்கொள்கிற அளவுக்கு ஆகிவிட்டது. என்னை உட்கார வைத்தது மகள்தான்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு மத்தியானம், மகன் குப்புறப் படுத்திருந்தான். முதுகெல்லாம் புள்ளி புள்ளியாக ரோஸ் நிற லோஷன். மகள் வேப்பங்குச்சியால் தொடாமல் காட்டினாள்.

"ப்பா, இந்தா கழுத்துல இருக்கே பெருசு, அது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு. இடுப்புல இருக்கது இடைசெவல். அங்கன அம்மா இருக்கா. நீ டிரைவரு. வேப்பிலைதான் பஸ்ஸு. ஓட்டு."

நான் வேப்பிலையைக் கழுத்தில் வைத்து ஒரே இழுப்பாக இடுப்புக்கு ஓட்டினேன்.

"ப்பா! நீ எங்கயுமே நிக்கலையே!"

"இது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸும்மா. நடுவுல நிக்காது."

"இது டவுன் பஸ்ஸு. எல்லா ஊர்லயும் நிக்கும்."

நடுவில் எத்தனை புள்ளிகளோ அத்தனையும் ஊர்கள். அவளுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. பிறகு அவளே வைத்தாள். தூங்குமூஞ்சிப்பட்டி. லட்டுக்குளம். பல்லு விழுந்தான்பட்டி. ஒவ்வொரு ஊரிலும் ஆள் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அவள்தான் கண்டக்டர். தூங்குமூஞ்சிப்பட்டியில் ஒருவர் ஆட்டோடு ஏறினார். ஆட்டுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டருக்கும் பயணிக்கும் பெரிய தகராறு. ரெண்டு பேராகவும் அவளே பேசினாள். மகன் முதுகு குலுங்கச் சிரித்தான். "ஏலே, ரோடு ஆடக் கூடாது" என்று அவனுக்கு அதட்டல் வேறு. பஸ் நின்று நின்றுதான் போனது. இலை அத்தனை மெதுவாக ஊர்ந்ததில் அவன் அரிப்பையே மறந்துவிட்டான்.

பாதி வழியில் உள்ரூமில் போன் அடித்தது. என் உடம்பு எழுந்துவிட்டது. முழங்கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

"டிரைவர் நடு ரோட்டுல இறங்கிப் போனா, பஸ்ஸுல இருக்க ஆளுங்க என்ன செய்வாங்க?" என்றாள் மகள்.

உண்மையாகவே கேட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது, நின்றது. ஆனாலும் லட்டுக்குளத்தில் நிறுத்தினேன், ஆள் ஏற்றினேன், கிளம்பினேன்.

கடைசியில் இடைசெவல் வந்தது. இடுப்பில் இலை பட்டதும் மகன் கூச்சத்தில் நெளிந்து, "எறங்கணும், எறங்கணும்" என்று துள்ளினான். மகள் அவன் தோளை அமுக்கிப் பிடித்தாள்.

"எறங்கக் கூடாதுலே. அம்மா வயித்துல பாப்பா இருக்குல்லா. ஜன்னல் வழியா டாட்டா மட்டும் காட்டணும். காட்டு."

ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிள்ளைகள் இதையெல்லாம் புரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், விளையாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நானோ, இவர்கள் அம்மாவைக் கேட்டு அழவில்லை, நல்லதாயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். "சரி, ரைட், பஸ்ஸு திரும்பப் போகுது" என்றாள் கண்டக்டர். திரும்பும்போதும் எல்லா ஊரிலும் நின்றோம்.

போன் செய்தது, அன்று கடையில் எனக்காகக் காத்திருந்துவிட்டுப் போன மண்டபத்துக்காரர். நான் திரும்பக் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. "அண்ணே, அவரு வேற கடையில பாத்துக்கிட்டாராம்" என்றான் தம்பி மறுநாள். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எரிந்துகொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் வந்து கூப்பிட்டாள். போய் ஓட்டினேன். அதற்குப் பிறகு தினமும் ஓட்டினேன். ஒருநாள் கடம்பூருக்குப் போளி வாங்கப் போனோம், ஒருநாள் கடலுக்கே போனோம், மகள் முதுகு வழியாக. சுற்றுவழி என்றால் ரெண்டு பேருக்கும் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டேன். மகள் நிஜமாகவே மெதுவாகத்தான் சாப்பிடுகிறாள், ஏனென்றால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை சொல்கிறாள். மகன் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது என் காது மடலைத் தேடி எடுத்துக்கொண்டான். முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது.

பொருக்கு எல்லாம் உதிர்ந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். டாக்டர் சொன்ன கெடு தாண்டும் வரை மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கும் அவளுக்கும் அப்புறம்தான் சோறு இறங்கியது. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஆனியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. எதிர்வீட்டு அண்ணாச்சி முதல் ஆளாக வந்து பார்த்தார். அவர் கார் இப்போதும் எங்கள் கேட்டை மறைத்துத்தான் நிற்கிறது, யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை.

நான் எழுத வந்தது, மனைவி திரும்பி வந்த மறுநாள் காலையைப் பற்றித்தான். நான் கடைக்குக் கிளம்பினேன். முன்பெல்லாம் நான் கிளம்பினால் மகன் விளையாட்டுச் சாமானிலிருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டான். "அப்பாவுக்கு டாட்டா சொல்லுலே" என்று அவன் அம்மா சொன்னால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையை ஆட்டுவான். பிள்ளை அழுது அடம்பிடிக்காமல் இருக்கிறானே, நல்ல பிள்ளை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டு வண்டியை எடுப்பேன். அன்றைக்கு பைக்கை ஸ்டார்ட் செய்த சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து ஓடி வந்தான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா போகாத" என்று வீடு அதிர அழுதான். அவன் அம்மா தூக்கினாள், அழுகை நிற்கவில்லை. அவள் தோளைத் தாண்டி என் பக்கமே கையை நீட்டிக்கொண்டு கத்தினான்.

கடைக்குப் போகாமல் இருக்க முடியாது, போனேன். இன்றைக்கும் நான் அவசரக்காரன்தான். போனும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கோடையில் வியாபாரம் எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அழுகையை யோசிக்க வேண்டியதே இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறது. போனால் தேடுகிற அளவுக்கு நானும் ஒரு தடவை அந்த வீட்டில் இருந்திருக்கிறேன் என்று எனக்குச் சொன்னது அதுதான்.